கடைசி எழுத்தை முதலில் பார்ப்பவர்

பித்தளைக் குடத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு, சீட்டில் எழுதிக் கொடுத்த பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பார்க்கிறார் சுயம்புலிங்கம். 'பாக்கியலட்சுமி' என்று இருந்தால் அவர் கண் முதலில் போவது 'மி'க்கு. அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், குடத்தின் எந்த வளைவில் போய் அது உட்காரும் என்று கட்டைவிரலால் அளந்து, சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்கிறார். அதற்குப் பிறகுதான் 'பா' பக்கம் வருகிறார். "முதல் எழுத்துக்கு எப்பவும் எடம் இருக்கும். கடைசி எழுத்துக்குத்தான் இருக்காது" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பாத்திரக்கடைப் படிக்கட்டுக்குக் கீழே அவருடைய இடம். ஒரு பலகை, ஒரு சாக்கு, கடைக்குள்ளிருந்து வரும் ஒரு வயர், அதன் முனையில் பேனா மாதிரி ஒரு மிஷின். அதன் ஊசி எவர்சில்வரில் பட்டதும் கொசுக் கூட்டம் ரீங்கரிப்பதுபோல் சத்தம் வரும். கல்யாணச் சீர், காதுகுத்து, கோயிலுக்குக் கொடுக்கிற அண்டா, எல்லாம் அவர் மடியில் ஏறி இறங்கித்தான் போகும். ஆள் ஒல்லி. நெற்றியில் பட்டையாக விபூதி. வயது ஐம்பத்தாறு. வலது கை கல்போல அசையாமல் இருக்க, இடது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கைக்குட்டை விற்கும் கபாலி, "நைனா, உங்காலுக்கு ஒரு தையல் மிஷினு வாங்கிக் குட்த்தா ஒரு நாளைக்கு நாலு சட்டை தச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அந்தக் கால் நிற்பது ஒரே ஒரு வேலைக்குத்தான். இறந்துபோனவர் பெயரை வெட்டி, கீழே 'நினைவாக' என்று போடச் சொல்லி யாராவது வருவார்கள். அப்போது மட்டும் சுயம்புலிங்கம் பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொள்வார். சீட்டை இரண்டு தடவை வாசித்துக் காட்டி, "சரிதானம்மா?" என்று கேட்பார். கால் ஆடாது. வெட்டி முடித்ததும் துணியால் துடைத்து, பெயரை வாய்விட்டு ஒரு தரம் வாசிப்பார். இருப்பவர் பெயரானாலும் போனவர் பெயரானாலும் வாசிக்காமல் கையில் கொடுத்ததில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. சீட்டில் இல்லாததை வெட்ட மாட்டார். ஒருமுறை ஓர் அம்மாள், "டாக்டர்னு முன்னால சும்மா போடுங்களேன், அடுத்த வருஷம் பையன் ஆயிடுவான்" என்று சொல்லிப் பார்த்தார். "ஆனதும் கொண்டாங்கம்மா. எடம் விட்டு வெட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டார். வெட்டியதை அழிக்க முடியாது, அதுதான் காரணம் என்பார்.

சொந்த ஊரான ஏரலில் அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு. பாத்திரத்தில் வெட்டி வெட்டித்தான் தமிழ் வாசிக்கப் பழகினார். அப்படிப்பட்ட மனிதர், எழுநூறு பக்கம் வரும் விண்வெளி நாவல்களை ஒன்றல்ல, எட்டு வாசித்திருக்கிறார் என்றால் சந்தில் யாரும் நம்புவதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் பெயர் வெட்டக் கொடுத்த குடத்துக்குள் ஒரு புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். குடத்தை வாங்க வந்தவர் புத்தகத்தைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் சுயம்புலிங்கம் அதைப் பத்திரமாக வைத்திருந்து பார்த்தார். அட்டையில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல். அதன் பெயர் கொற்கை. கொற்கை அவருக்குத் தெரிந்த ஊர், ஏரலுக்குப் பக்கம். நம்ம ஊர்க் கப்பல் அங்கே எப்படிப் போயிற்று என்று பார்க்கத்தான் திறந்தார்.

ஏழு உலகங்கள். ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வானத்தில் வாசல்கள். சரக்கேற்றிப் போகிற பழைய கப்பல் கொற்கை. அதன் கேப்டன் குறட்டை விடுகிற ஒரு குண்டு மனிதர். முதல் புத்தகத்தில், உடைந்து மிதக்கும் வேறொரு கப்பலுக்குள் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று கிடைக்கிறது. பெயர் எழிலி. ஐந்தாம் புத்தகத்தில் அவளே கொற்கையை ஓட்டுகிறாள்.

சைதாப்பேட்டை வீட்டில் காலை ஆறு மணிக்கு இந்தக் கதை நடக்கும். குளித்து விபூதி பூசி, திருச்செந்தூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுப்பார். எதிரே அவர் மனைவி தங்கபுஷ்பம் இட்லிமாவு அரைத்துப் பாக்கெட் கட்டிக்கொண்டிருப்பாள். நாலு தெருவுக்கு அவள் மாவுதான். அவளுக்கு எழுத்து தெரியாது. அவர் வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தி வாசிப்பார். சண்டை வந்தால் அவள் கிரைண்டரை நிறுத்திவிடுவாள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். அவளை விட்டுவிட்டு ஒரு பக்கம்கூட அவர் முன்னால் போனதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி ஓய்ந்து பல வருஷமாகிறது.

எழிலிக்குக் காய்ச்சல் வந்தது மூன்றாம் புத்தகத்தில். அன்று தங்கபுஷ்பம் காரணீஸ்வரர் கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்வது? முதல் புத்தகம் வீட்டுக்கு வந்த நாளைப் பழைய காலண்டரில் தேடிப் பார்த்தார் சுயம்புலிங்கம். அனுஷம். அன்று முதல் மாதாமாதம் அனுஷத்தன்று எழிலிக்கு அர்ச்சனை.

"பொண்ணு வெளியூர்ல இருக்காளா?" என்று குருக்கள் ஒருநாள் கேட்டார்.

"ஆமா சாமி. ரொம்பத் தூரம்."

"கல்யாணம் ஆயிடுத்தா?"

"கப்பல் ஓட்டுதா சாமி. அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

எட்டாம் புத்தகம் முடியும்போது வானத்தின் வாசல்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. எழிலி ஒரு சின்னப் படகில் தனியாகக் கிளம்பி, உடைகிற வாசலுக்குள் நுழைகிறாள். அத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். ஒன்பதாவது புத்தகம், கடைசிப் புத்தகம், வர மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த மூன்று வருஷம் சுயம்புலிங்கத்தின் கால் இரண்டு பேருக்கான ஆட்டம் ஆடியது. மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் வலியுல்லாவின் புத்தகக் கடை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் கடை திறக்கும்போது படியில் இவர் நிற்பார். வலியுல்லா பூட்டைத் தொடுவதற்கு முன்பே தலையை ஆட்டுவார். "இல்ல அண்ணாச்சி. எழுதறவங்க எழுதணும், அடிக்கறவங்க அடிக்கணும். நான் என்ன, சுட்டா குடுக்க முடியும்?"

"அவ படகுல எத்தன நாளைக்குச் சாப்பாடு இருக்குன்னு போன புஸ்தகத்துல போட்டிருந்தது பாய். நாப்பது நாளைக்குத்தான்."

"அங்க நாளு பெருசா இருக்கும் அண்ணாச்சி. கவலைப்படாதீங்க."

இந்த ஆடியில் வந்தது. 'கொற்கையின் கடைசிப் பயணம்.' நானூற்று நாற்பது பக்கம். வலியுல்லா அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கடையில் ஏழு அண்டா பெயருக்குக் காத்திருந்தது. சந்துக்குத் திரும்பி, புத்தகத்தைப் பலகைக்குக் கீழே வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். கண் அண்டாவில் நிற்கவில்லை. ஏழாவது அண்டாவும் முடிந்தது. புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தார்.

எட்டுப் புத்தகத்துக்குச் செய்யாத தப்பை அப்போது செய்தார். வேண்டுமென்று செய்ததல்ல. முப்பது வருஷக் கைப்பழக்கம். மடியில் எது ஏறினாலும் கடைசி எழுத்து எங்கே உட்காருகிறது என்று பார்க்கிற கட்டைவிரல், தானாகப் போய்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டது.

கடைசிப் பக்கத்தில் நாலே வரி. திரும்பி வராதவர்களின் பெயர்களை ஓர் உலோகத் தகட்டில் வெட்டிச் சுவரில் பதிக்கிறார்கள். அதில் கடைசிப் பெயர், எழிலி.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? ராக்கெட்டு கவுந்துச்சா?" என்றான் கபாலி.

"ராக்கெட்டு இல்லப்பா. கப்பல்."

"தண்ணியே இல்லாத எடத்துல இன்னா நைனா கப்பலு?" என்று சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாகக் கதையின் பாதி அவன் காதிலும் விழுந்திருக்கிறது. "அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆயிட்ச்சா?"

"வரலப்பா."

கபாலி கைக்குட்டைக் கட்டைக் கீழே வைத்தான். "அடப்பாவமே. இன்னாய்யா எழுதறானுங்க, வூட்டுக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் போனாத்தான் இன்னா கொறஞ்சிடும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காகிட்ட சொல்லாத நைனா. வந்துட்ச்சுன்னு சொல்லிட்டுப் போ. அதுக்குப் படிக்கவா தெரியும்?"

"சீட்டுல இல்லாதத எப்படிப்பா வெட்ட?"

"பொஸ்தகம் இன்னா சீட்டா?"

அவர் புத்தகத்தை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார். கால் பலகையை உதைத்துக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கி இரண்டு மாதம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் முருகனைப் பார்க்காமல் புத்தகத்தை எடுத்தார். பத்துப் பக்கம் எட்டாயிற்று, எட்டு ஐந்தாயிற்று. தொண்டை சரியில்லை என்றார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். ஒருநாள் ரயிலில் மாம்பலத்தில் இறங்காமல் கோடம்பாக்கம் வரை போய்த் திரும்பி வந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஊசி வழுக்கி, 'செல்வி'யின் மேல் ஒரு கீறல் விழுந்தது. கடைக்காரரிடம் சொல்லி வேறு டிபன் கேரியர் எடுத்து வெட்டிக் கொடுத்தார்.

"என்னங்க, கப்பல் நேத்து நின்ன எடத்துலேயே நிக்கு?" என்பாள் தங்கபுஷ்பம்.

"காத்து இல்ல புஷ்பம்."

"அங்க ஏதுங்க காத்து? நீங்கதான் வாசிச்சீங்க, அங்க காத்தே கெடையாதுன்னு."

ஆவணியில் அவள் ஒரு காரியம் செய்தாள். எழிலி திரும்பி வந்தால் காரணீஸ்வரருக்கு ஒரு குத்துவிளக்கு என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியதோடு நில்லாமல் வாங்கியும் வந்துவிட்டாள். முழங்கால் உயரம், அடித்தட்டு அகலமாக, பெயர் வெட்டத் தோதாக இருந்தது. "மொதல்லயே வாங்கி வெச்சுட்டா சாமிக்கு ஞாபகம் இருக்கும்லா" என்றாள். "எழிலி உபயம்னு நீங்களே வெட்டிருங்க. அவ வந்த அன்னைக்கு."

அதைப் புடவைத் துணியில் சுற்றி முருகன் படத்துக்குக் கீழே நிறுத்தினாள். தினமும் காலையில் புத்தகத்தை எடுக்கப் போகும்போது விளக்கு அவர் முழங்கையில் இடிக்கும்.

புரட்டாசிச் சனிக்கிழமை, பன்னிரண்டு பக்கம் பாக்கி. தங்கபுஷ்பம் விடியுமுன்பே மாவு வேலையை முடித்துவிட்டு, தலைக்குக் குளித்து, பூ வைத்து, கையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கிரைண்டர் சத்தம் இல்லாத அந்த வீடு அவருக்குப் புதிதாக இருந்தது.

வாசித்தார். எழிலியின் படகு வாசலின் அந்தப் பக்கம் நிற்கிறது. உள்பக்கமிருந்து மூடினால்தான் ஏழு உலகமும் பிழைக்கும். கேப்டன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவள், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்கிறாள். வாசல் மூடியது.

அந்த வரியில் அவர் விரல் நின்றது. வாய் நிற்கவில்லை. "அப்புறம்… கொற்கை திரும்பி வந்தது. எழிலியும் வந்தாள். கேப்டன் அவளை உட்காரவெச்சுச் சோறு போட்டார்."

தங்கபுஷ்பம் மூச்சு விட்டாள். "என்ன கொழம்பு?"

அவர் எதிர்பார்க்கவில்லை. "புளிக்கொழம்பு."

"அவளுக்குப் புளி ஆகாதேங்க. மூணாம் புஸ்தகத்துல தடிச்சுப் போச்சே, மேலெல்லாம்."

"அது… கேப்டன் மறந்திருப்பார்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள். எழுந்து போய், மாவு ஏதும் இல்லாத கிரைண்டரைக் கழுவினாள்.

அன்றைக்கும் மறுநாளும் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். தங்கபுஷ்பம் எதிர் வீட்டுச் சிறுமி சிந்துவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயம். பலகைக்குக் கீழே அது இருந்தது. பொய் சொன்ன வாயோடு கோயிலுக்குப் போகக் கூசி, சனிக்கிழமைப் பெருமாளைத் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகரில் நிற்க இடமிருக்காது. மதியம் பன்னிரண்டு மணிக்கு, அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் வந்தாள். இந்தச் சந்துக்கு அவள் வந்து பத்து வருஷம் இருக்கும். கபாலி துள்ளி எழுந்து தன் ஸ்டூலைத் தள்ளினான். "அக்கா, வா வா, குந்து."

"இருக்கட்டும் தம்பி." பைக்குள்ளிருந்து விளக்கின் அடித்தட்டைக் கழற்றி எடுத்து, அவர் மடியில் வைத்தாள். "பேர் வெட்டணும்."

பழக்கதோஷத்தில் அவர் கை நீண்டது. "சீட்டு?"

"எனக்கு எழுத வருமா?"

"எழிலி உபயம். அதானே?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"நேத்து உங்க விரல் நகரல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா அந்த விரலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு எழுத்து தெரியாது. விரல் தெரியும். வாய் எங்கேயோ போவுது, விரல் நின்ன எடத்துலயே நிக்கு." குரல் உயரவில்லை. "இப்பம் சொல்லுங்க. என்ன போட்டிருக்கு?"

கபாலி திரும்பி நின்று கைக்குட்டைகளை மடிக்க ஆரம்பித்தான். மடித்ததையே மடித்தான். சுயம்புலிங்கம் பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். பலகைக்குக் கீழிருந்து புத்தகத்தை எடுத்தார். வரிக்கு அடியில் விரலை வைத்தார். தெருவில் ஒலிபெருக்கி தள்ளுபடியைக் கத்திக்கொண்டிருந்தது. அவள் குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். நாலு வரியையும் எழுத்து எழுத்தாக வாசித்தார். விரல் கடைசிப் பெயர் வரை போயிற்று.

அவள் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். அவர் கால் ஆடவில்லை.

"உடம்பப் பாத்ததாப் போட்டிருக்கா?"

"இல்ல."

"காரியம் செஞ்சதா?"

"இல்ல. வாசல் மூடிருச்சு. அவ அந்தப் பக்கம் இருக்கா."

"அப்பம் அந்தப் பக்கம் இருக்கா."

"புஷ்பம், பேரை வெட்டிட்டாங்க…"

"பேருதான வெட்டுனாங்க. நீங்க தெனம் எத்தன பேரு வெட்டுதீங்க? எல்லாரும் செத்தா போனாங்க?"

கபாலி திரும்பிப் பார்த்தான். சுயம்புலிங்கம் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார். முப்பது வருஷம் இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

"உபயம்னு போடவா? நினைவாகன்னு போடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டும் வேண்டாம். பேரு மட்டும் வெட்டுங்க."

மிஷினை எடுத்தார். வழக்கமாகச் சாக்பீஸைத் தேடும் இடது கை, தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. கடைசி எழுத்தை அளக்கவில்லை, புள்ளி வைக்கவில்லை. நேராக 'எ'வில் ஊசியை வைத்தார். பித்தளைத் தூள் பொன் மாதிரி விரலில் ஒட்டியது. 'ழி'யின் சுழியை இதுவரை யாருக்கும் வெட்டாத பொறுமையோடு வெட்டினார். மூன்று எழுத்து முடிந்தது. துணியால் துடைத்தார்.

வாய்விட்டு வாசிக்கப் போனவரைத் தங்கபுஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினாள். குனிந்து, மாவு ஊறிய தன் ஆள்காட்டி விரலை எடுத்து, 'எ'வுக்கு அடியில் வைத்தாள். "எ" என்றாள். நகர்த்தினாள். "ழி." நகர்த்தினாள். "லி." எழுத்து முடிந்தது. விரல் நிற்கவில்லை. ஒன்றும் வெட்டாத வெறும் பித்தளையின் மேல், தட்டின் விளிம்போடு, அதே வேகத்தில் நகர்ந்து போனது. வட்டம் முழுக்கச் சுற்றி, மறுபடியும் 'எ' வரும்வரை.